பிஎல்சியில் ‘டிஓஎஸ்’ குறை என்று மெயில் வந்தால்: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில்

மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்ப்பவர்களுக்காகவும், ஐடி பிரிவிலிருந்து திடீரென்று ஆலைக்குள் அனுப்பப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வென்டாரிடமிருந்தோ, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிலிருந்தோ ஒரு குறிப்பு வரும். உங்கள் கன்ட்ரோலரின் (ஆலை இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கணினியின்) தொடர்பு நெறிமுறையில் ‘டிஓஎஸ்’ எனப்படும் சேவை முடக்கக் குறை இருக்கிறது, தாறுமாறான பாக்கெட் ஒன்று வந்தால் கருவி பதில் சொல்வதை நிறுத்திவிடும் என்று அதில் இருக்கும். மேலாளர் அதை ஃபார்வர்டு செய்து, மேலே ‘உடனே கவனிக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்திருப்பார்.

புதியவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அன்றைக்கே ஃபர்ம்வேரை (கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) இறக்கிப் போடக் கிளம்புவார்கள். இல்லையென்றால் லேப்டாப்பில் நெட்வொர்க்கைத் துழாவும் ஸ்கேனரை ஓட்டி, குறையுள்ள கருவி நம்மிடம் இருக்கிறதா என்று தேடுவார்கள். எந்தத் தாக்குதலும் இல்லாமலே ஆலையை நிறுத்த இந்த இரண்டும் போதும். நான் பின்பற்றும் வரிசை கீழே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நெட்வொர்க் வரைபடம் ஒன்று வேண்டும். காகிதத்தில் இருப்பதையும் பேனலுக்குள் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தது என்றால்தான் அதற்கு மதிப்பு. எந்த ஆலைக்குப் போனாலும் வரைபடத்தில் இல்லாத ஒரு ஸ்விட்ச், கேபிள் டிரேயில் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும்.

பிஎல்சி, ஹெச்எம்ஐ (ஆபரேட்டர் பார்க்கும் திரை), டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எல்லாவற்றின் பேக்கப்பும் வேண்டும். ‘கான்ட்ராக்டரிடம் இருக்கிறது’ என்பதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். கமிஷனிங் செய்த ஆண்டில் அவர் கொடுத்த புரோகிராமும் இன்று ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமும் ஒன்றாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது பர்மிட், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டு. கேபிளைக்கூடத் தொடப்போவதில்லை, திரையைத்தான் பார்க்கப்போகிறேன் என்றாலும் ஷிப்ட் இன்சார்ஜுக்குத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் வேறு காரணத்தால் ஏதாவது ட்ரிப் ஆனால் (தானாக நின்றுபோனால்), முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

2. தொடர்பு அறுந்தால் ஆலை என்ன செய்யும் என்று எழுதுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. மற்ற படிகளில் என்ன செய்வது என்பதே இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்ததுதான், அதனால் அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

‘முடக்கம்’ என்று குறிப்பில் ஒரே சொல்லாக இருந்தாலும் கருவிக்குள் அது மூன்று விதமாக நடக்கும். முதல் விதத்தில் தொடர்பு கார்டு மட்டும் படுத்துவிடும். உள்ளே சிபியு தன் லாஜிக்கை ஓட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் சிபியுவே ஸ்டாப் அல்லது ஃபால்ட் நிலைக்குப் போய்விடும், அவுட்புட்டுகள் விழுந்துவிடும். மூன்றாவதில் எதுவும் நிற்காது. பாக்கெட்டுகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஸ்கேன் டைம் (லாஜிக்கை ஒரு சுற்று ஓட்டி முடிக்கும் நேரம்) நீளும். அந்த நேரத்தைக் கண்காணிக்கும் வாட்ச்டாக்கின் எல்லையைத் தொட்டதும் ட்ரிப் ஆகும். சில கன்ட்ரோலர்களில் தொடர்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று ஒரு செட்டிங் உண்டு. சீமென்ஸ் எஸ்7-300, 400 வரிசைகளில் அது தொடக்கத்தில் 20 சதவீதமாக இருக்கும். யாரோ எப்போதோ அதைக் கூட்டி வைத்திருக்கலாம், பாருங்கள்.

ரிமோட் ஐஓவும் (தள்ளி இருக்கும் இன்புட்-அவுட்புட் மாட்யூல்களும்) டிரைவும் அதே நெட்வொர்க்கில் தொங்கினால் பிரச்சினை இன்னொரு படி ஆழமானது. தொடர்பு போனால் அவுட்புட் பூஜ்ஜியமாகுமா, கடைசி மதிப்பைப் பிடித்துக்கொள்ளுமா என்பது ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு பாராமீட்டர். டிரைவிலும் அப்படித்தான்: ட்ரிப் ஆகலாம், மெதுவாக நிற்கலாம், ஓடிய வேகத்திலேயே ஓடிக்கொண்டும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து எழுதுங்கள். குளிர்நீர் பம்ப் ஓடிக்கொண்டே இருப்பது நல்லது. அமிலம் தள்ளும் டோசிங் பம்ப் அப்படி ஓடினால் ஆபத்து. எல்லாவற்றுக்கும் ஒரே செட்டிங் போட்டிருந்தால், அதை யாரும் யோசித்துப் போடவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஹெச்எம்ஐ. மணலியில் ஓர் ஆலையில் இரவு ஷிப்டில் நடந்தது இது. டேங்க் லெவல் 62.4 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பதினோரு நிமிடம், அதே 62.4. ஆபரேட்டர் புத்திசாலி. “சார், லெவல் ரொம்ப நேரமா ஆடவே இல்ல சார்” என்று ஃபோன் செய்தார். ஓடும் டேங்கில் தசம இலக்கம் கொஞ்சமாவது ஆடும். கன்ட்ரோலருடன் தொடர்பு அறுந்து, திரை கடைசி எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு இல்லை, அலாரம் இல்லை. கீழே போய் டேங்கிலேயே இருக்கும் கேஜ் கிளாஸில் பார்த்தால் லெவல் எண்பதைத் தாண்டியிருந்தது.

அன்றிலிருந்து நான் எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: தொடர்பு போனால் திரையில் எண் மாறுமா, உறையுமா? கன்ட்ரோலர் நின்றால், அதைச் சாராத பாதுகாப்பு இன்டர்லாக் பார்த்துக்கொள்ளும். எண் உறைந்தால் மனிதர் ஏமாறுவார்.

இதற்கு மருந்து எளிது, ஷட்டவுனும் வேண்டாம். பிஎல்சியில் ஒவ்வொரு நொடியும் ஒன்று கூடும் ஒரு கவுன்ட்டர் வையுங்கள். ஹெச்எம்ஐ அதைப் படித்து, ஐந்து நொடியில் மாறவில்லை என்றால் திரை முழுதும் நிறம் மாற வேண்டும். மறுதிசையிலும் ஒன்று வைத்து, திரை போய்விட்டது என்று பிஎல்சிக்குத் தெரியும்படி செய்யுங்கள். ஹெச்எம்ஐ இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் படிக்கிறது என்றால் எல்லையை மூன்று நொடி என்று வைக்காதீர்கள். வாரம் முழுக்கப் பொய் அலாரம் அடிக்கும், பிறகு யாராவது அதை அணைத்துவிடுவார்கள். ஓடும் ஆலையில் ஆன்லைனாகப் புரோகிராம் மாற்ற உங்கள் கன்ட்ரோலர் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள்.

3. குறிப்பைப் படிக்கும் முறை

மதிப்பெண்ணில் தொடங்காதீர்கள். நெட்வொர்க் வழியாக, கடவுச்சொல் இல்லாமல், கருவியை மட்டும் முடக்கும் குறைக்கு சிவிஎஸ்எஸ் கணக்கு (குறையின் தீவிரத்துக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்) பெரும்பாலும் 7.5 என்று கொடுக்கும். ஐடிக்காரர் ‘தகவல் திருட்டு இல்லையே, ஒன்பதெல்லாம் முடித்துவிட்டு வருகிறேன்’ என்பார். ஆலையில் தகவலைவிடக் கருவி நிற்காமல் இருப்பதுதான் பெரிது. இரண்டாம் படியில் எழுதிய தாளை வைத்துத்தான் அவசரத்தை முடிவு செய்ய வேண்டும்.

நான்கு விவரங்களைத் தேடுங்கள்: சரியான மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த போர்ட், முடங்கினால் தானாக எழுமா அல்லது கையால் பவரை அணைத்துப் போட வேண்டுமா. கடைசி விவரம் பலர் கண்ணில் படுவதில்லை. தானாக எழும் கருவி என்றால் சில நொடித் தடங்கல். கையால் எழுப்ப வேண்டியது என்றால், அது கடற்கரை ஓரத்து பம்ப் ஹவுஸில் இருந்து, சாலையை கன்டெய்னர் லாரி வரிசை அடைத்துக்கொண்டிருந்தால், ஒன்றரை மணி நேரம்.

சீமென்ஸ் சிப்ரோடெக் ரிலேக்களின் (மின் கட்டமைப்பைப் பழுதிலிருந்து காக்கும் கருவிகளின்) ஈதர்நெட் மாட்யூலில் 2015இல் வெளியான குறை (பதிவு எண் சிவிஇ-2015-5374) இரண்டாம் வகை. யுடிபி 50000 போர்ட் வழியாக முடக்கினால், மனிதர் போய் ரீஸ்டார்ட் செய்தால்தான் திரும்பும். திருத்திய ஃபர்ம்வேரும் வந்துவிட்டிருந்தது. 2016 டிசம்பரில் கீவ் நகர மின் கட்டமைப்பைத் தாக்கிய இண்டஸ்ட்ராயர் மென்பொருளில் இந்தப் பழைய குறைக்கென்றே ஒரு பகுதி சேர்த்திருந்தார்கள்.

குறிப்பில் உங்கள் பிராண்ட் பெயர் இல்லை என்பதால் நிம்மதியாகிவிடக் கூடாது. பல கம்பெனிகளின் கருவிகளுக்குள் ஓடுவது நெட்வொர்க்கில் பேசுவதற்காக ஒரே கடையில் வாங்கிய டிசிபி/ஐபி மென்பொருள். 2019இல் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் வெளியான 11 குறைகளும், 2020இல் ட்ரெக் மென்பொருளில் வெளியான 19 குறைகளும் அப்படித்தான் பல பிராண்டுகளில் ஒரே நேரத்தில் தலைதூக்கின. வென்டாருக்கு மெயில் எழுதி, உங்கள் மாடலில் அது இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

குறை எப்படி உண்டாகிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் குறிப்பைப் படிப்பது சுலபம். உதாரணத்துக்கு, ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் டிசிபி நெறிமுறையின் பாக்கெட் தலையில் 7 பைட் இருக்கும். அதில் 2 பைட், பின்னால் எவ்வளவு நீளம் வருகிறது என்று சொல்லும். தலைப்பையும் சேர்த்து மொத்தம் 260 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. உள்ளே இருக்கும் மென்பொருள் அந்த எண்ணைச் சரிபார்க்காமல் நம்பினால், வராத பைட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், அல்லது தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்து விழும். இன்னொரு வகைக்குத் தவறான பாக்கெட்கூட வேண்டாம். சிறிய கருவிகளால் ஒரே நேரத்தில் சில இணைப்புகளைத்தான் தாங்க முடியும். யாராவது எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டால் ஹெச்எம்ஐக்கு இடம் கிடைக்காது. மாட்பஸ் யார் கேட்டாலும் பதில் சொல்லும், யார் என்று விசாரிக்காது.

4. ஸ்கேனர் இல்லாமல் கணக்கெடுங்கள்

ஓடும் ஆலையில் ஸ்கேனர் வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்டின் வழிகாட்டி ஒரு சம்பவத்தைச் சொல்கிறது: சிப் தயாரிக்கும் ஆலையில் யார் யார் நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்று பார்க்க வெறும் பிங் ஓட்டினார்கள், கட்டுப்பாட்டுக் கருவி உறைந்து, 50,000 டாலர் மதிப்புள்ள வேஃபர்கள் வீணாயின. கண்டுபிடிக்கப் போனவரே தாக்குபவர் ஆகிவிடுவார்.

முதல் வழி, நடந்து போய்ப் பார்ப்பது. பேனலைத் திறந்து, பெயர்ப் பலகையைப் படம் எடுத்து, எழுதுங்கள். இரண்டாவது, ஸ்விட்சின் மேக் முகவரிப் (கருவியின் வன்பொருள் முகவரி) பட்டியலைப் பாருங்கள். எந்தப் போர்ட்டில் யார் என்று தெரிந்துவிடும். மூன்றாவது, ஸ்விட்சில் மிரர் போர்ட் (மற்ற போர்ட்டுகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் போர்ட்) அமைத்து, பாக்கெட்டுகளைப் படிக்கும் வயர்ஷார்க் மென்பொருளில் கேளுங்கள். நெறிமுறைகளின் போர்ட் எண்கள்: மாட்பஸ் 502, எஸ்7 தொடர்பும் ஐஇசி 61850இன் எம்எம்எஸ்ஸும் 102, ஈதர்நெட்/ஐபி 44818, டிஎன்பி3 20000, ஐஇசி 104 என்றால் 2404, ஓபிசி யூஏ 4840. இவற்றை வடிகட்டினாலே பாதிப் படம் கிடைத்துவிடும்.

மிரர் போர்ட்டில் செருகும் முன் லேப்டாப்பின் அந்த அடாப்டரில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். வயர்ஷார்க் அப்போதும் கேட்கும், லேப்டாப் மட்டும் தன் பங்குக்குக் கத்தாது. வைஃபையையும் அணையுங்கள். ஒரு பையன் இரண்டு அடாப்டரையும் பிரிட்ஜ் செய்து, ஆபீஸ் நெட்வொர்க்கையும் கன்ட்ரோல் நெட்வொர்க்கையும் ஒரே குளமாக்கினான். ஃபோர்மேன் ஓடி வந்து, “இன்னா தம்பி, எதுல சொருகுன?” என்றதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் அலாரம்.

5. ஃபர்ம்வேருக்கு முன் கதவைச் சாத்துங்கள்

ஃபர்ம்வேருக்கு ஷட்டவுன் வேண்டும். ஷட்டவுன் எட்டு மாதம் தள்ளி இருக்கலாம். அதுவரை, குறையுள்ள போர்ட்டுக்கு யார் பேசலாம் என்பதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கன்ட்ரோலரின் 502 போர்ட்டுக்கு ஹெச்எம்ஐ, ஹிஸ்டோரியன் (பழைய மதிப்புகளைச் சேமிக்கும் கணினி), இன்ஜினியரிங் ஸ்டேஷன் மட்டும் போகலாம் என்று விதி எழுதுங்கள். ஆனால் முதல் மாதம் தடுக்காதீர்கள். அனுமதித்துப் பதிவு மட்டும் செய்யுங்கள். மாதம் முதல் தேதி மட்டும் விழித்தெழுந்து உற்பத்திக் கணக்கை இழுக்கும் ஒரு கணினி எங்காவது கட்டாயம் இருக்கும். ஒரு வாரப் பதிவில் அது தெரியாது. தடுத்த பிறகு கணக்குப் பிரிவிலிருந்து சண்டைக்கு வருவார்கள், விதி மொத்தமும் நீக்கப்படும், மீண்டும் போட யாரும் விடமாட்டார்கள்.

பிராட்காஸ்ட் புயலும் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் பாக்கெட்டுகள் பெருக்கெடுப்பதும்) இதே விளைவைத் தரும் என்பதால் ஸ்விட்சில் அதை மட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோலைச் சேர்த்துச் செய்யுங்கள். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் மூன்றாம் அலகில், நெட்வொர்க்கில் அளவுக்கு மீறிய போக்குவரத்தால் மறுசுழற்சி பம்புகளின் டிரைவ் கன்ட்ரோலர்கள் செயலிழந்தன. ஆபரேட்டர்கள் கையால் உலையை நிறுத்தினார்கள். வெளியிலிருந்து யாரும் தாக்கியதாகத் தெரியவரவில்லை. நம் ஊரில் அதற்குச் சமம், ஒரே ஸ்விட்சின் இரண்டு போர்ட்டை ஒரே கேபிளால் இணைத்துவிடுவது.

ஆனால் கவனம். ஈதர்நெட்/ஐபி ஐஓ பல இடங்களில் மல்ட்டிகாஸ்டில் (ஒரு குழுவுக்கு மட்டும் போகும் பாக்கெட்டுகளில்) ஓடுகிறது. பிராட்காஸ்டுக்கு வைத்த எல்லையை அதற்கும் போட்டுவிட்டால், நீங்களே ஐஓவை அறுத்துவிடுவீர்கள். பிராட்காஸ்டுக்கு மட்டும் தொடங்குங்கள்.

கன்ட்ரோலரைக் காப்பதோடு நின்றுவிடவும் கூடாது. 2013இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஆடம் கிரெய்ன், கிறிஸ் சிஸ்ட்ரங்க் இருவரும் டிஎன்பி3 கருவிகளைச் சோதித்தபோது, ஃபீல்டிலிருந்து வரும் தாறுமாறான பதிலால் கன்ட்ரோல் அறையில் இருக்கும் மாஸ்டரே (கருவிகளிடம் கேள்வி கேட்கும் கணினியே) விழுவதைக் காட்டினார்கள். சீரியல் கேபிள் வழியாகவும் அது நடக்கும், அங்கே ஃபயர்வாலுக்கு வேலையே இல்லை. தெரு ஓரத்தில் பூட்டு உடைந்து நிற்கும் பம்ப் ஸ்டேஷன் பெட்டியிலிருந்து மையத்துக்குக் கேபிள் போகிறது என்றால், முதல் செலவு ஒரு நல்ல பூட்டு.

ரிடண்டன்ட் ஜோடி (ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும் இரட்டைக் கன்ட்ரோலர்) இருக்கிறதே என்ற நம்பிக்கையும் வேண்டாம். இரண்டிலும் ஒரே ஃபர்ம்வேர், ஒரே குறை. முதலாவதை விழவைத்த பாக்கெட் இரண்டாவதையும் விழவைக்கும்.

6. மேசையில் சோதியுங்கள்

ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்பேர் கன்ட்ரோலர் எடுங்கள். மாடல் மட்டும் பொருந்தினால் போதாது. ஹார்டுவேர் பதிப்பும் ஃபர்ம்வேரும் ஆலையில் ஓடுவதோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்பேர் இல்லாமல் சென்னை ரிச்சி தெருவில் பழையது வாங்கினால், கடைக்காரர் சொல்வதை நம்பாமல் பவர் கொடுத்துப் பதிப்பைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஒரு அவுட்புட்டில் விளக்கைக் கட்டி, நொடிக்கு ஒருமுறை மினுக்கும் சிறு புரோகிராம் போடுங்கள். ஸ்கேன் ஓடுகிறதா என்பதற்கு அந்த விளக்கே சாட்சி. இப்போது கேபிளைப் பிடுங்குங்கள். மீண்டும் செருகினால் எத்தனை நொடியில் ஹெச்எம்ஐ பிடிக்கிறது? இரண்டாவது, மூன்றாவது மாஸ்டரை இணையுங்கள். எத்தனையாவதில் முதல் ஹெச்எம்ஐ தள்ளாடுகிறது? படிக்கும் வேகத்தைக் கூட்டுங்கள். விளக்கு தாமதிக்கிறதா, ஸ்கேன் டைம் எவ்வளவு ஏறுகிறது? இவ்வளவு போதும். இணையத்தில் கிடைக்கும் தாக்குதல் நிரலைக் கொண்டுவந்து ஓட்டுவது தேவையில்லாத வேலை. குறை இருக்கிறது என்று வென்டாரே ஒப்புக்கொண்டுவிட்டார். சோதனை மேசையின் ஸ்விட்ச் ஆலையின் எந்த ஸ்விட்சோடும் இணைந்திருக்கக் கூடாது. தற்செயலாகச் சுவர் சாக்கெட்டில் செருகப்பட்ட ஒரு கேபிள் போதும்.

புதிய ஃபர்ம்வேரையும் முதலில் இங்கேதான் போட வேண்டும். அதே சோதனைகளைத் திரும்பச் செய்து, ஹெச்எம்ஐ டிரைவர் அதோடு பேசுகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலர் புதிது, இன்ஜினியரிங் மென்பொருள் பழையது என்றால் ஆன்லைன் போகவே முடியாமல் நிற்பீர்கள்.

7. ஷட்டவுனில் ஃபர்ம்வேர்

ஓடும் கன்ட்ரோலரிலிருந்து அன்றைக்கே அப்லோடு எடுத்து, கையில் இருக்கும் புரோகிராமோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் தெரியும் வரை நகராதீர்கள்.

புரோகிராமை மட்டும் எடுத்துவிட்டு மதிப்புகளை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃபர்ம்வேர் ஏறும்போது சில கன்ட்ரோலர்கள் நினைவகத்தைத் துடைத்துவிடும். லாஜிக் திரும்பிவிடும்; ஆபரேட்டர்கள் ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி வைத்த செட்பாயின்ட், பிஐடி டியூனிங், டோட்டலைசர் எண்கள் திரும்பாது. திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் படம் பிடித்து வையுங்கள், அச்சடித்தால் இன்னும் நல்லது.

இடைப்பட்ட பதிப்பு ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும் என்று சில வென்டார்கள் சொல்வார்கள். குறிப்பை முழுதாகப் படியுங்கள். பழைய ஃபர்ம்வேர் கோப்பும் பக்கத்தில் இருக்கட்டும், திரும்பிப் போக முடியுமா என்று முன்பே கேட்டுவையுங்கள். லேப்டாப்பும் கன்ட்ரோலரும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கையில் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் டப்பா.

ஒரே நாளில் எல்லாக் கன்ட்ரோலரையும் முடிக்காதீர்கள். முக்கியத்துவம் குறைந்த ஒன்றில் தொடங்கி, ஒரு ஷிப்ட் ஓடவிட்டு, பிறகு அடுத்தது.

8. முடித்த பிறகு

ஆபரேட்டர்களோடு ஒரு ஒத்திகை செய்யுங்கள். ஷட்டவுன் முடியும் முன், அறிவித்துவிட்டு, தொடர்பு கேபிளைப் பிடுங்கி, திரை நிறம் மாறுகிறதா, யார் ஃபீல்டுக்கு ஓடுகிறார்கள், எந்த கேஜைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நாங்கள் செய்தபோது திரை சரியாக மாறியது. ஃபீல்டுக்குப் போன பையனிடம் டார்ச் இல்லை. பட்டியலில் டார்ச்சும் சேர்ந்தது.

உண்மையான சம்பவம் என்று சந்தேகம் வந்தால் யாருக்குச் சொல்வது என்பதும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, ஸ்காடா மற்றும் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீதான தாக்குதலைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யார் அந்த மெயிலை அனுப்புவார் என்று இப்போதே ஒருவர் பெயரை எழுதுங்கள். ஸ்விட்ச், ஃபயர்வால் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது.

கடைசியாக, பேனல் கதவின் உட்புறத்தில் மாடல், புதிய ஃபர்ம்வேர் பதிப்பு, தேதி மூன்றையும் எழுதுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம். எண்ணூர்க் கடற்காற்றில் ஆறு மாதத்தில் உரிந்து கீழே விழுந்துவிடும். பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள்.